சாந்தம்

பவுல் எழுதிய நிருபங்களுள் கலாத்தியருக்கு எழுதியதே கோபம் மிகுந்தது. வாழ்த்துக்குப் பின் வழக்கமாக வரும் நன்றிகூறல்கூட அதில் இல்லை. அதன் 5ஆம் அதிகாரத்தில்தான் ஆவியின் கனியாகத் தயவும் சாந்தமும் சொல்லப்படுகின்றன. இதை முரண் என்று நான் கொள்ளவில்லை. கோபமே வராதவனுக்குச் சாந்தம் எதற்கு?

மறதி நோயுற்ற என் அம்மா, 2019இல் இறந்துபோன அப்பா எப்போது வருவார் என்று ஒரு மாலைக்குள் பத்து முறை கேட்கிறார். பத்தாவது முறையும் அதே குரலில் பதில் சொல்வது, ஞாயிறு ஆராதனையில் முழந்தாளிடுவதைவிடக் கடினம். (எங்கள் ஆயர் இதைக் கேட்டால் சிரிப்பார்.) 'வேலை முடிந்ததும் வந்துவிடுவார், அம்மா' என்கிறேன். பொய்ச்சாட்சி கூடாதென்னும் ஒன்பதாம் கட்டளை உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும், அவருடைய சாவை நாள்தோறும் புதிய செய்தியாக அம்மாவுக்கு அறிவிக்க எனக்கு மனம் வரவில்லை.