அட்டையில யார் பேரு?

இங்கிலாந்து பப்புகள்ல ‘எங்க கடை பீர்’னு ஒண்ணு விக்கும். குழாய்க் கைப்பிடியில மாட்டின அட்டையில கடைப் பேருதான் இருக்கும். ஆனா காய்ச்சினது பெரும்பாலும் வெளியே ஒரு சின்ன ஆலைக்காரர். பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, சாறை வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறினதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பது அவர் பாடு. சில சமயம் அவரோட வழக்கமான பீரே வேற பேருல போகும்.

2002-இல் அங்கே சின்ன ஆலைகளுக்கு பீர் வரியைப் பாதி வரைக்கும் குறைச்சாங்க. ஆலைகள் பெருகிச்சு, போட்டியும் கூடிச்சு. நிறைய பப்புகள் பெரிய கம்பெனிகளோட ஒப்பந்தத்துல கட்டுப்பட்டவை. நினைச்ச இடத்துல சரக்கு வாங்க முடியாது. அதனால வாரம் தவறாம நாலு பீப்பாய் கேக்குற கடை கிடைச்சா, பேரு போனாலும் பரவாயில்லைன்னு ஒத்துக்குவாங்க.

அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. எங்க நெல்லும் மில்லுக்காரர் பை பேருலதானே உங்க வீட்டுக்கு வருது? கடைக்காரர் நாளைக்கு வேற ஆலைக்கு மாறினா, குடிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. அட்டை மாறாதே!

சில கடைகள் அட்டையிலேயே காய்ச்சினவர் பேரையும் சின்னதாப் போடுது. அந்த ஒரு வரி இருந்தா, அவரைச் சத்தமில்லாமக் கழட்டிவிடுறது அவ்வளவு லேசில்லை.