கல்லறையில்லாதோரின் சிலுவை

நவம்பர் 2ஆம் நாள் மாலையில் நம் கொங்கு நாட்டுக் கல்லறைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் அந்தக் காட்சியை அறிவர். களை பறித்துச் சுண்ணாம்பு பூசிய கல்லறைகள். அவற்றின்மேல் செவ்வந்தி மாலைகளும் மெழுகுவர்த்திகளும். ஐப்பசிக் காற்றில் சுடர் அணையாமல் உள்ளங்கையால் மறைத்து நிற்கும் குழந்தைகள். தோட்டத்தின் நடுவே ஒரு பெரிய சிலுவை நிற்கும். தம் இறந்தோருக்கு அத்தோட்டத்தில் கல்லறை இல்லாதவர்கள் அச்சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபிப்பார்கள். வேற்றூரில் மடிந்தோர், கடலில் மறைந்தோர், உடல் கிடைக்காதோர் ஆகிய அனைவருக்கும் அது ஒன்றே கல்லறை.

சில ஆண்டுகளுக்கு முன், கோவை மறைமாவட்டத்தின் ஒரு கிராமப் பங்கில் நாம் பணியாற்றிக் கொண்டிருந்தோம். கல்லறைத் திருநாள் திருப்பலியில் வாசிப்பதற்காக இறந்தோரின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது அங்கு வழக்கம். அவ்வாண்டு வந்த சீட்டுகளில் இரண்டு நம் கையில் அடுத்தடுத்து அகப்பட்டன. ஒன்று ஊரிலுள்ள ஒரு மூதாட்டி கொடுத்தது. இராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி பெற்று, இருபத்திரண்டாம் வயதில் யாழ்ப்பாணத்தில் மடிந்த அவருடைய மகனின் பெயர் அதில் இருந்தது. மற்றொன்று பங்கின் எல்லையில் இருந்த இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்தது. 1990ஆம் ஆண்டில் படகேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் வழியாக இங்கு வந்து சேர்ந்த ஒரு பெண்மணி தம் தம்பியின் பெயரை எழுதியிருந்தார். அவரும் யாழ்ப்பாணத்தில் இறந்தவரே. இரண்டு சீட்டிலும் 1987 அக்டோபர் என்றிருந்தது. நாள்களுக்கிடையே ஒரு வார இடைவெளிகூட இல்லை.

அருகில் நின்ற உபதேசியார் எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி, ரெண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டாமுங்க" என்றார் மெல்ல. நாமும் இசைந்தோம். முதற்பெயரை, நாட்டுக்காக உயிர்நீத்தவர் என்று சொல்லி வாசித்தோம். மற்றப் பெயரை, இடமும் காலமும் சொல்லாமல், நூறு பெயர்களுக்கு நடுவே வாசித்து முடித்தோம். அது தவறென்று அப்போது நமக்குத் தோன்றவில்லை.

இளைய வாசகர்களுக்காக அந்த 1987ஆம் ஆண்டைச் சற்று நினைவுகூர வேண்டும். ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் பிரதமர் இராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். உடனே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியது. தங்களைக் காக்க வந்தவர்கள் என்றெண்ணி மக்கள் அவர்களுக்கு மாலையிட்டனர். ஆயினும், யாருடைய போரை நிறுத்த அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டதோ, அந்தப் போராளிகளின் கையெழுத்து அதில் இல்லை. செப்டம்பர் 26ஆம் நாள் திலீபன் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்தார். அக்டோபர் இரண்டாம் வாரத்தில், அமைதி காக்கச் சென்ற படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டுவிட்டது.

நாம் அப்போது குருமடத்து மாணவன். அக்டோபர், செபமாலை மாதம். மாலைச் செபம் முடிந்ததும் வானொலியைச் சுற்றி நிற்போம். ஆகாசவாணி ஒன்று சொல்லும், பி.பி.சி. தமிழோசை வேறொன்று சொல்லும். அம்மாதம் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் ஊழியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இருதரப்புச் சூட்டுக்கு இடையில் அகப்பட்டு இறந்தார்கள் என்றது படைத்தரப்பு. தப்பிப் பிழைத்தவர்கள் சொன்னது வேறு. 1990 மார்ச் 24ஆம் நாள் கடைசிப் படைப்பிரிவும் நாடு திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தனர். இறந்த தமிழ்ப் பொதுமக்களுக்கோ எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்று இன்றுவரை இல்லை. திரும்பி வந்த படையைச் சென்னையில் வரவேற்க அன்றைய முதல்வர் மு. கருணாநிதி செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படை என்னும் மனக்காயம் தமிழகத்தில் அத்துணை ஆழமாக இருந்தது. ஆனால் அந்தப் படையில் கொங்கு நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய தாய்மார், மகனுக்காக அழுவதா, மகனைப் பற்றிப் பேசாமலிருப்பதா என்றறியாது வீட்டுக்குள் இருந்தார்கள்.

திருநாளுக்கு வருவோம். திருப்பலி முடிந்து, தீர்த்தம் தெளித்துக்கொண்டே கல்லறைகளைச் சுற்றி வந்த நாம் பெரிய சிலுவையை அடைந்தோம். அங்கே அவ்விருவரும் அருகருகே அமர்ந்திருந்தனர். ஒருவரையொருவர் அறிந்தவர்களல்லர். இருவருக்கும் இத்தோட்டத்தில் கல்லறை இல்லை. மூதாட்டியின் வீட்டுக்கு மகனின் இரும்புப் பெட்டி மட்டுமே வந்தது. முகாம் பெண்மணியின் தம்பியை, ஊரடங்கு வேளையில், வீட்டு வளவிலேயே புதைத்தார்களாம்.

"யாருக்கும்மா கொளுத்தறே?" என்று மூதாட்டி கேட்டார்.

"தம்பிக்கு அம்மா. யாழ்ப்பாணத்தில செத்தவன். ஷெல் விழுந்தது. வீட்டுக்குள்ளதான் இருந்தவன்."

"எந்த வருசம்?"

அவர் சொன்னார். மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எம் பையனும் அங்கதான் கண்ணு" என்றார். அவ்வளவே. முகாம் பெண்மணி அவருடைய கையைப் பற்றினாரா, விலகினாரா என்று பார்க்க நமக்குத் துணிவில்லை. நாம் தீர்த்தச் செம்புடன் அடுத்த கல்லறைக்கு நகர்ந்துவிட்டோம்.

கூட்டம் கலைந்தபின் மூதாட்டி நம்மைத் தேடி வந்தார். "சாமி, ஒண்ணு கேக்கறேனுங்க. எம் பையன் சுட்டிருப்பானுங்களா?"

குருமடத்தில் நீதியான போரைப் பற்றி நாம் கற்றிருந்தோம். உரிய அதிகாரம், நீதியான காரணம், நேரிய நோக்கம் என்று புனித தோமா அக்குவினாஸ் வகுத்த மூன்று நிபந்தனைகளையும் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருந்தோம். அவற்றுள் ஒன்றும் அந்தக் கேள்விக்கு விடையாக வரவில்லை. "செபிப்போம், அம்மா" என்று மட்டும் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பழைய பாடக் குறிப்புகளைப் புரட்டினோம். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராயிருந்த புனித பெரிய பசிலியார், போரில் கொல்வதை முன்னோர் கொலைக்குற்றமாக எண்ணவில்லை என்று ஒரு மடலில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அவ்வாறு கொன்று திரும்பியவர்களின் கைகள் தூயவையல்ல என்பதால், அவர்கள் மூன்றாண்டு நற்கருணை உட்கொள்ளாதிருப்பது நலமென்று அறிவுரை கூறுகிறார். நீதியான போரையும் துயரமின்றி எண்ணிப் பார்ப்பவன் மனித உணர்வையே இழந்தவன் என்பது புனித அகுஸ்தீனின் கருத்து. பழைய திருச்சபைக்கு அந்த மூதாட்டியின் கேள்வி புதிதன்று. அதை மறந்து நிபந்தனைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் நாமே. 2020ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்னும் சுற்றுமடலில், இக்காலத்தில் நீதியான போரைப் பற்றிப் பேசுவதே மிகக் கடினம் என்று எழுதியதன் பொருளும் அந்தத் தாயைக் கண்டபின்னரே நமக்கு விளங்கியது.

போரின் செலவைக் கோடிகளில் கணக்கிடுவர், இறந்தோரை எண்ணுவர். அதன் விளைவுகளையும் வரலாற்றில் எழுதுவர். 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும், அதன்பின் முகாம் மக்கள் அனைவர்மீதும் ஐயத்தின் நிழல் படிந்ததும் அவ்விளைவுகளே. பூலுவப்பட்டியிலும் பவானிசாகரிலும் முகாம்களில் பிறந்து, அங்கேயே மணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. ஆயினும் அங்குள்ளவர்களில் பெரும்பாலோர்க்குக் குடியுரிமை கிட்டவில்லை. இவையெல்லாம் ஏட்டில் ஏறும். ஏட்டில் ஏறாத ஒரு செலவும் உண்டு. தொடக்கநூலில் இறைவன் காயினிடமே அவன் தம்பியைப் பற்றி வினவினார். செய்தவனே விடை சொல்ல வேண்டியிருந்தது. நம் காலத்துப் போர்களிலோ அக்கேள்வி, ஒப்பந்தம் எழுதியவர்களையும் ஆணையிட்டவர்களையும் ஆயுதம் ஏந்தச் சொன்னவர்களையும் கடந்து, கைநாட்டு வைக்கும் ஒரு தாயின் மடியில் வந்து விழுகிறது.

அடுத்த ஆண்டுத் திருநாளில் அவ்விரு பெயர்களையும் அடுத்தடுத்து வாசித்தோம். "1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இறந்தவர்கள்" என்பதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. கோவிலில் சிலர் முகம் சுளித்ததைக் கண்டோம். யார் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க நாம் பலிபீடத்தில் நிற்கவில்லை. ஆனால் ஒரு பெயருக்குப் பெருமையும் மறுபெயருக்கு மறைப்பும் கொடுத்தபோது, அறியாமலே ஒரு தீர்ப்பை வழங்கியிருந்தோம்.

அந்த மூதாட்டி இன்று இல்லை. அவருக்கு அதே தோட்டத்தில் கல்லறை உண்டு. அவருடைய கேள்விக்கு இன்னும் நம்மிடம் விடை இல்லை. ஒவ்வொரு திருப்பலியிலும் இறந்தோரை நினைவுகூரும் வேளையில் அதை அப்படியே இறைவனிடம் ஒப்படைக்கிறோம். அன்புக்குரியோரே, வரும் நவம்பர் 2ஆம் நாள் உங்கள் உறவினர் கல்லறையில் செபித்து முடித்தபின், பெரிய சிலுவையடிக்கும் ஒருமுறை வாருங்கள். அங்கே எரியும் மெழுகுவர்த்திகளில் எது யாருக்கென்று கேட்க வேண்டாம். சற்று நேரம் உடன் நில்லுங்கள், அது போதும்.