வாப்பாவின் மோரிஸ் மைனர்

வாப்பாவின் கையிலிருந்து கார்ச் சாவியை நாங்கள் வாங்கிக்கொண்டது 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில். வாங்கிக்கொண்டோம் என்பது நயமான சொல். பிடுங்கிக்கொண்டோம் என்று எழுதுவதே நேர்மை. நாங்கள் என்றால் மூவர்: ஆண்மக்கள் இருவர், இடையில் ஒரு சகோதரி. அந்தக் காரியத்தை மூவரும் கூடித்தான் செய்தோம். ஆகவே இதையும் மூவர் பெயராலேயே எழுதுகிறோம்.

கார் 1954ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர். வாப்பா அதை வாங்கியது 1979இல், திருநெல்வேலியில், மூன்றாம் கையாக. அதற்குள் அந்தக் காருக்கு இருபத்தைந்து வயது ஆகியிருந்தது. ஊரில் வசதியுள்ளவர்கள் அம்பாசிடர் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. இவர் மட்டும் ஏன் இந்தக் குட்டி வண்டியைத் தேடிப் போனார் என்பதற்குக் காரணம் கொழும்பில் இருக்கிறது. பதினான்கு வயதில் காயல்பட்டினத்திலிருந்து கப்பலேறி, கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கடை முதலாளியிடம் இருந்தது ஒரு மோரிஸ் மைனர். அதில்தான் வண்டி ஓட்டப் பழகினார். 1973இல் ஊர் திரும்பும்போது அங்கிருந்து அவரால் கொண்டுவர முடிந்தவை மிகச் சில. கை பழகிய ஓட்டம் அவற்றுள் ஒன்று.

இந்தக் காரைப் பற்றிய ஒரு கதையை வாப்பா விருந்தினர் எல்லோரிடமும் சொல்வார். அலெக் இஸிகோனிஸ் என்பவர் இதை வடிவமைத்தார். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. மைனரின் மாதிரி வண்டி ஏறக்குறைய முடிந்த நிலையில், அகலம் போதவில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வண்டியை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது கண்ணுக்குச் சரியாகப் பட்டது. அந்த நான்கு அங்குலத்தைக் கூட்டிச் சேர்த்த அடையாளம் பானெட்டின் நடுவே ஒரு பட்டையாக இன்றும் தெரியும். நிறுவனத்தின் அதிபர் நஃபீல்டு பிரபுவோ, இது கார் அல்ல, வேகவைத்த முட்டை என்று இகழ்ந்தாராம். 1948இல் வெளிவந்த அந்த முட்டைதான் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார். இதைச் சொல்லிவிட்டு, பானெட்டின் பட்டையை வாப்பா விரலால் ஒருமுறை தடவிக் காட்டுவார்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வார். எங்கள் வாப்பாவும் அப்படி வந்தவரே. அந்த வீடு உம்மாவுடையது, இன்று எங்கள் சகோதரியுடையது. ஆண்மக்கள் இருவரும் வேறு தெருக்களில் மனைவியர் வீடுகளில் இருக்கிறோம். இதில் குறைசொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை. ஊரின் பெண்களுக்கு அது தந்திருக்கும் உறுதியை நாங்கள் அறிவோம். ஆயினும் வாப்பாவுக்கே வாப்பாவுக்கென்று இருந்த இடம் எது என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. இதை நாங்கள் எண்ணிப் பார்த்தது சாவியைப் பிடுங்கிய பிறகு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் எங்களுக்குப் பெய்யும் மழையைக் காட்டிலும் அது அதிகம். முற்றத்தில் நின்ற மைனரின் இருக்கை வரை தண்ணீர் ஏறியது. வெள்ளம் வடிந்தபின் பிரேக்கையும் மின்கம்பிகளையும் மாற்றினோம், எண்ணெய்களை வடித்தோம், இருக்கைகளை வெயிலில் காயவைத்தோம். வாப்பாவும் காய்ச்சலில் விழுந்து, மூன்று வாரம் கழித்து எழுந்தார். வண்டியும் அவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தேறினார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் ஆறுமுகநேரி சென்று திரும்பும்போது, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய வாப்பா, சாலையோரத்து உடைமரத்தில் வண்டியின் இடப்பக்கத்தை உரசிவிட்டார். காயம் யாருக்கும் இல்லை. பக்கத்தில் இருந்த இளையவர் கண்டது ஒன்றுதான்: ஸ்டியரிங் வளையம் வாப்பாவின் கையில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அன்றிரவே மூவரும் கூடிப் பேசினோம். எழுபத்தெட்டு வயது. காய்ச்சலுக்குப் பின் தளர்ந்த உடல். கை நடுக்கம். முடிவு எடுப்பதில் எங்களுக்குச் சிரமமே இருக்கவில்லை.

"கை நடுங்கலெ. வண்டி நடுங்குது" என்றார் வாப்பா.

வயதானவர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று நாங்கள் நினைத்தோம். மறுபேச்சுப் பேசாமல் அவர் சாவியைக் கொடுத்துவிட்டார். அன்றுமுதல் மாலைகளில் கடற்கரைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். எங்கள் ஊர் ஆண்களுக்குக் கடற்கரை என்பது என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

ஒரு மாதம் கழித்து, உரசிய தகட்டைத் தட்டி எடுப்பதற்காக ஆறுமுகநேரிப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். ஓட்டிச் சென்றவர் மூத்தவர். பாதி வழியில் அவர் கையிலும் வளையம் ஆடியது. அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

பட்டறை அண்ணாச்சி பழைய வண்டிகளில் தேர்ந்தவர். எடுத்த எடுப்பில் அவர் எதையும் கழற்றவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். மைனரில் சக்கரத்தைத் தாங்கும் கீழ்மூட்டு மரை வெட்டியது. கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால் மூட்டு கழன்று சக்கரமே மடங்கிவிடும் என்பதால் முதல் சோதனை அங்கே. அது சரியாக இருந்தது. அடுத்து டைராடு முனைகள், அதன்பின் ரேக் பெட்டியின் போல்ட்டுகள். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. கடைசியில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, வளையத்தைத் திருப்பாமல், தன் பக்கம் இழுத்தும் மேலே தூக்கியும் கீழே அழுத்தியும் பார்த்தார். முன்சக்கரங்கள் அசையவில்லை. வளையம் மட்டும் விரற்கடை அளவு எல்லாப் பக்கமும் போய்வந்து, உள்ளே இரும்பு இரும்பில் முட்டும் ஓசை எழுந்தது.

"தண்டோட மேல் பேரிங் போயிருக்கு. ஸ்டியரிங் குழாய்க்குள்ள அனாதையா ஆடுது" என்றார் அண்ணாச்சி.

பேரிங் என்றதும் நாங்கள் குண்டு பேரிங்கைத் தேடித் தூத்துக்குடிக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தோம். எந்த அளவும் பொருந்தவில்லை. பிறகு அண்ணாச்சி வளையத்தின் நடுவிலிருந்த ஹார்ன் பொத்தானை நெம்பி எடுத்து, கம்பியை விடுவித்து, நடுநட்டைக் கழற்றி, தண்டுக்கும் வளையத்துக்கும் சாக்கட்டியால் ஒரே கோட்டில் அடையாளமிட்டு, வளையத்தை உருவினார். குழாயின் வாய்க்குள் வளைந்த கம்பியை விட்டுச் சுரண்டியபோது கையில் வந்தது கருத்த தூள். உடன்குடிக் கருப்பட்டியை நொறுக்கியதுபோல் இருந்தது. அது ஒரு காலத்தில் கம்பளி. இந்த வண்டியில் ஸ்டியரிங் தண்டின் மேல்முனையைத் தாங்கியது எண்ணெயில் ஊறிய ஒரு கம்பளி நமுட்டுப் பட்டை மட்டுமே. குண்டு எதுவும் அங்கே எந்நாளும் இருந்ததில்லை.

நமுட்டு என்பது நெய்த துணி அன்று. ஆட்டுமயிரை ஈரத்திலும் வெப்பத்திலும் அழுத்தி அழுத்தி, இழைகள் ஒன்றையொன்று கவ்வும்படி செய்வது. எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு, தண்டு சுழலச் சுழலச் சிறிது சிறிதாகக் கசியவிடும். ஓசை எழுப்பாது, அதிர்வை விழுங்கும். மெதுவாகவும் சிறிய கோணத்திலும் சுழலும் தண்டுக்கு அது போதும். ஆனால் எண்ணெய் வற்றினால் இறுகும், தூசி சேர்ந்தால் பொடியும். எங்கள் உப்புக்காற்றில் அது எத்தனை ஆண்டுகள் தாங்கும்! வெள்ளத்தால் கெட்டதோ என்று கேட்டோம். அண்ணாச்சி தலையாட்டி மறுத்தார். "தண்ணி இம்புட்டு உசரம் ஏறல. இது செத்துப் பத்துப் பதினஞ்சு வருசம் இருக்கும்."

அப்படியானால் அத்தனை ஆண்டுகள் வண்டி எப்படி நேராக ஓடியது? அண்ணாச்சி கேட்டார்: "மொதலாளி எப்படிப் புடிச்சு ஓட்டுவாக?"

எங்கள் மூவருக்கும் அது கண்முன் நின்றது. இரண்டு கைகளையும் வளையத்தின் அடியில் வைத்து, எப்போதும் சற்றுக் கீழ்நோக்கி இழுத்தபடியே ஓட்டுவார் வாப்பா. அது அவருடைய பாணி என்று நாங்கள் நினைத்திருந்தோம். சிறுவயதில் அப்படி ஓட்டிக்காட்டிச் சிரித்தும் இருக்கிறோம். தண்டைக் குழாயின் ஒரு பக்கமாக அழுத்திவைத்து, இல்லாத பேரிங்கின் வேலையைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தம் கைகளாலேயே செய்துவந்திருக்கிறார் அவர். வண்டியில் குறை கூடக் கூடக் கையின் இழுப்பும் கூடியிருக்கிறது. அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்குப் பின் அந்த இழுப்புக்கு வலு போதவில்லை. உடனே ஆட்டம் வெளியே தெரிந்தது. நாங்கள் பார்த்தது அதைத்தான்.

இந்தக் கடற்கரையில் 1961 வரை முத்துக்குளித்தல் நடந்தது. படகில் நின்று கயிறு பிடிப்பவர், அடியில் இருப்பவர் கொடுக்கும் ஒரு சுண்டலில் அவர் நிலையைத் தெரிந்துகொண்டு மேலே இழுப்பார். கயிற்றின் அசைவுக்குப் பொருள் சொல்லத் தெரியாதவரிடம் யாரும் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாப்பா எங்களிடம் ஒரு வாக்கியமே சொல்லியிருந்தார். எங்களுக்கு அது விளங்கவில்லை.

நமுட்டு கொழும்பிலிருந்து வந்தது. இலங்கைச் சாலைகளில் மைனர்கள் இன்னும் ஓடுகின்றன. பஞ்சிகாவத்தையின் உதிரிபாகக் கடைகளில் அவற்றுக்கு வேண்டியவை இன்னும் கிடைக்கின்றன. நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்த உறவினர் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். பெட்டி நிறையச் சாமான்களோடு கொழும்பிலிருந்து இறங்கியவர்களின் ஊர் இது. இந்த முறை நாங்கள் ஆவலோடு காத்திருந்த பொருள் தீப்பெட்டி அளவுகூட இல்லை.

பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். கிராஃபைட் தூள் கலந்த எஞ்சின் எண்ணெயில் பட்டையை முதல்நாள் இரவே ஊறப்போட்டிருந்தோம். வாப்பா முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணாச்சி பட்டையைத் தண்டைச் சுற்றி வளைத்து, மழுங்கிய மரக்குச்சியால் சுற்றிச்சுற்றித் தட்டிக் குழாய்க்குள் இறக்கினார். அதிகம் திணித்தால் திருப்பத்துக்குப் பின் வளையம் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது, குறைவாக வைத்தால் ஆட்டம் நிற்காது என்றார். சாக்கட்டிக் கோட்டைப் பொருத்தி, நட்டை இறுக்கினார். முழு வேலையும் ஒரு மணி நேரம் ஆகவில்லை. பட்டையின் விலையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

மூத்தவர் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வாப்பாவிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூவரும் முன்பே பேசிவைத்திருந்தோம். ஒருவராலும் வாய் திறக்க முடியவில்லை. வாப்பாவும் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. வண்டியைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்றார். பின்னிருக்கையில் நாங்கள் இருவரும் முன்னே மூத்தவருமாக, சிறுபிள்ளைகளைப்போல் அமர்ந்து போனோம். பழக்கத்தில் அவர் கைகள் வளையத்தைக் கீழே இழுத்தன. இழுக்க வேண்டிய தேவை இப்போது இல்லை என்பதை இரண்டு தெரு தாண்டியபின் கைகள் கண்டுகொண்டன. மெல்ல மெல்ல மேலேறி, வளையத்தின் இருபக்கமும் இலேசாக அமர்ந்தன.

இதோடு கதை முடிந்திருந்தால் எங்கள் தவறு மட்டுமே மிஞ்சியிருக்கும். கடற்கரையில் வண்டியை நிறுத்தியபின் வாப்பா இறங்கவில்லை. அசைவற்று நின்ற வளையத்தின்மேல் தம் கைகளை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மெல்ல நடுங்கின. வண்டி ஆடியவரை அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

"வண்டி சரியாயிட்டு" என்றார். "கையும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யுது."

வீடு திரும்பியதும் சாவியைத் தாமே நடைவாசல் ஆணியில் மாட்டினார். லாரிகள் போகும் சாலைக்கு இனி வண்டியை எடுப்பதில்லை என்று அவராகவே சொன்னார். அதிகாலையில், தெருவில் ஆளில்லாதபோது, கடற்கரை வரை சில நாள் போய்வருகிறார், சில நாள் போவதில்லை. சாவி ஆணியில் தொங்குகிறது. எடுப்பதும் எடுக்காததும் அவர் விருப்பம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நமுட்டில் நாலு சொட்டு எண்ணெய் விடுவதை மட்டும் எங்கள் பொறுப்பாக்கியிருக்கிறார். இதுவரை தவறவில்லை.