பிழைத்த பாகங்கள்

ஏப்ரல் 6, ஞாயிறு

விமானம் விழுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத ஓடவில்லை.

கண்மாய்க் கரைக்கு மேலே இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. நிமிர்த்துவதற்காகக் குச்சியை வலது பக்கம் தள்ளினேன். நிமிரவில்லை. இன்னும் தள்ளினேன். சாய்ந்தது சாய்ந்தபடியே மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு கலுங்குப் பக்கம் போய்க் குத்தியது. அங்கே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, நடுவில் ஒரு கிழவி. அவளுக்கும் அது குத்திய இடத்துக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி நின்றால் இடம் சரியாகிவிடும்.

தெர்மாகோல் விமானம்தானே என்பார்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடை. அந்தத் தெர்மாகோலுக்கு முன்னால் ஒரு மோட்டாரும் பத்து அங்குல ப்ரொப்பல்லரும் இருக்கின்றன. கிழவி எழுந்து நின்று சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆடுகளைத்தான் எண்ணினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிதறியதையெல்லாம் கட்டைப்பையில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

இறக்கை, உடம்பு எல்லாம் போகட்டும், ஒரு ஷீட் வாங்கினால் வெட்டிக்கொள்ளலாம். உள்ளே இருப்பதுதான் கேள்வி. ரிசீவர், மூன்று செர்வோ, மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, பேட்டரி. எதை மறுபடி மேலே அனுப்புவது?

ஏப்ரல் 8, செவ்வாய்

பேட்டரியை வீட்டுக்குள் விடவில்லை. மொட்டை மாடியில் பழைய மண்சட்டியில் மணலைக் கொட்டி அதில் வைத்திருக்கிறேன். மூன்று செல் லைபோ, 2200 எம்ஏஎச். ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. இந்தச் செல்களுக்கு இரும்புக் கூடு கிடையாது, ஃபாயில் உறைதான். உள்ளே தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அந்த நிமிடமே பற்றிக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டும் பற்றிக்கொள்ளலாம். அடுத்த முறை சார்ஜ் போடும்போது வீட்டோடு சேர்த்தும்.

நேற்று இரவு வெள்ளை பேலன்ஸ் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தபோது மூன்று செல்லும் 3.84, 3.85, 3.84. இன்று இரவு முதல் இரண்டும் அப்படியே இருக்கின்றன, நசுங்கிய பக்கத்துச் செல் மட்டும் 3.61. சும்மா கிடக்கும் செல் ஒரே நாளில் இவ்வளவு இறங்காது. முடிந்தது. பழைய கார் ஹெட்லைட் பல்பை மாட்டி, மாடியிலேயே வடிய விட்டிருக்கிறேன்.

இவள் கீழே இருந்து, “அங்க என்ன வெளிச்சம்?” என்றாள். சொன்னேன். “நல்ல சாவுதான்” என்றாள்.

தானாக ஒப்புக்கொள்ளும் பொருளோடு எனக்குத் தகராறே இல்லை.

ஏப்ரல் 9

ப்ரொப்பல்லரை இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டேன். விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லைதான். ஆனாலும் ப்ரொப்பல்லரில் யோசனையே கூடாது.

ஏப்ரல் 11, வெள்ளி

செர்வோக்களைத் திறந்தேன். இந்த ஒன்பது கிராம் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம் வரும். அடியில் நான்கு நீள ஸ்க்ரூ. உள்ளே குட்டி மோட்டார், ஒரு சின்ன போர்டு, மேலே வெள்ளை நைலான் பல்சக்கரங்கள், அச்சில் மாட்டிய ஒரு வால்யூம் கண்ட்ரோல். ரேடியோவில் எத்தனையோ மாற்றியிருக்கிறேன், அதே பொருள்தான். ரிசீவர் விநாடிக்கு ஐம்பது முறை ஒரு துடிப்பு அனுப்புகிறது. துடிப்பின் நீளம் ஒன்றரை மில்லி செகண்ட் என்றால் நடுவில் நிற்க வேண்டும். ஒன்று என்றால் ஒரு பக்கக் கடைசி, இரண்டு என்றால் மறுபக்கக் கடைசி. சக்கரம் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டதா என்று அந்த வால்யூம் கண்ட்ரோல் பார்த்துச் சொல்லும். அவ்வளவுதான் சூட்சுமம்.

வால் பக்கத்து இரண்டும் நன்றாக இருக்கின்றன. எய்லரான் செர்வோவில் ஒரு சக்கரத்தில் ஒரு பல் இல்லை. கிரீஸுக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது, ஊசிமுனையால் எடுத்தேன். என் விமானத்தில் இரண்டு இறக்கைப் பலகைகளையும் இந்த ஒரே செர்வோதான் அசைக்கிறது. நிமிராமல் போனதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று எழுந்து ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

டீ முடிவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. இறக்கை தரையில் மோதியபோது பலகை மடங்கி, கம்பி இழுபட்டு, அந்த அதிர்ச்சியில்தான் பல் போயிருக்கும் என்றும் சொல்லலாமே. இந்த வகைச் செர்வோவில் விழுந்தால் முதலில் போவது பல்தான். விழுந்ததால் உடைந்ததா, உடைந்ததால் விழுந்ததா? உடைந்த பல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அது எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

கண்மாய்க்குப் போனேன், வெறுங்கையோடு. கிழவி கருவேல மர நிழலில் இருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல், “அன்னைக்குப் பயந்துட்டியா ஆத்தா?” என்றேன்.

“எனக்கென்ன பயம். குட்டிதான் ரெண்டு நாளாப் பால் குடிக்கல.”

குட்டியைக் காட்டினாள். கறுப்பு, நெற்றியில் வெள்ளை. இப்போது துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஆடுகளைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போதுதான் அவளாகச் சொன்னாள்.

“சத்தம் நின்னு போச்சுய்யா. நின்ன பெறகுதான் அது எறங்குச்சு. சத்தம் இருந்திருந்தா நான் எந்திரிச்சு ஓடியிருப்பேன்ல. கம்முனு வந்துச்சு.”

இல்லை ஆத்தா, கடைசிவரை மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எனக்குக் கேட்டது மண்ணில் குத்தும்வரை அலறல். இப்போதும் காதில் இருக்கிறது. அவளோ அதற்குப் பக்கத்தில் இருந்தவள்.

இது சின்ன விஷயம் இல்லை. ரிமோட்டின் சிக்னல் அறுந்துபோனால் ரிசீவரே மோட்டாரை நிறுத்திவிடும்படி செட் பண்ணியிருக்கிறேன். ஆகவே நான் கேட்டது சரி என்றால் சிக்னல் கடைசிவரை போயிருக்கிறது, குற்றவாளி அந்த நூற்றைம்பது ரூபாய் செர்வோ, மற்றதெல்லாம் சுத்தம். அவள் சொல்வது சரி என்றால், மோட்டாரும் நின்று குச்சிக்கும் பதில் இல்லை. அப்படியென்றால் ரிசீவர், இல்லை அதற்கு 5 வோல்ட் கொடுக்கும் ஈஎஸ்சி, இல்லை நடுவில் எங்கோ ஒரு பிளக். அதாவது பெட்டியில் பத்திரமாகப் பிழைத்துக் கிடக்கும் எல்லாமே.

இந்தக் காதை வைத்துத்தான் இத்தனை வருடமாகக் கடை நடத்துகிறேன். எந்த ரேடியோவில் எந்த கண்டென்சர் போயிருக்கிறது என்று திறப்பதற்கு முன்பே சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி. எதையும் தொடவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

ஈஎஸ்சியின் உறையைக் கீறிப் பார்த்தேன். பெரிய கண்டென்சரின் ஒரு கால் ஆடுகிறது. மறுபடி பற்ற வைத்தேன். வெளியே வரும் வோல்ட்டேஜ் 5.02, செர்வோக்களை விரலால் அழுத்திப் பிடித்தாலும் 4.9-க்குக் கீழே இறங்கவில்லை. மோட்டாரின் அச்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினேன். கண்ணுக்குத் தெரியாத வளைவு, உருளும்போது தெரிந்தது. அச்சு மாற்றினால் சரி. காந்தங்களில் கீறல் இல்லை.

ரிசீவரில்தான் நேரம் போனது. ஆன்டெனாவின் நுனியில் 31 மில்லிமீட்டர் உறையில்லாமல் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் கால்வாசி நீளம். உண்மையில் வேலை செய்வது அந்த நுனி மட்டுமே. அது முழுசாக இருக்கிறது. போர்டில் ட்ரை சோல்டர் எதுவும் தெரியவில்லை. பயம் எல்லாம் அந்தச் சின்னத் தகரப் பெட்டிக்குள் இருக்கும் கிரிஸ்டல் மேல். மெல்லிய குவார்ட்ஸ் தகடு. முன்பு 35, 72 மெகாஹெர்ட்ஸ் செட்டுகள் ஓடிய காலத்தில் கிரிஸ்டலைத் தனியாகச் சொருகுவார்கள். விழுந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்; பிடுங்கி எறிந்துவிட்டு வேறு போடலாம். இதில் அப்படி முடியாது.

கலர் டிவியிலும் 4.43 மெகாஹெர்ட்ஸில் ஒன்று இருக்கும். வீடு மாறும்போது கீழே போட்டுவிட்டுக் கொண்டுவருவார்கள். படம் வரும், கலர் வராது. கிரிஸ்டலை மாற்றினால் கலர் வந்துவிடும். அது நல்ல கேஸ். கெட்ட கேஸ் எதுவென்றால், கடையில் மூன்று நாள் கலரோடு ஓடிவிட்டு அவர்கள் வீட்டுக் கூடத்தில் வைத்ததும் கறுப்பு வெள்ளையாகிவிடுவது. விட்டு விட்டு வரும் கோளாறு. அதற்கு நான் எத்தனையோ பேரிடம் “இப்ப நல்லாத்தான் இருக்கு, கொண்டு போங்க, மறுபடி வந்தா பாத்துக்கலாம்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். டிவி மறுபடி வரும். வந்துகொண்டுதான் இருந்தது.

ஏப்ரல் 19

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டால் என்ன? மொத்தமே சில ஆயிரம். இந்த வயதில் எதற்கு இது.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் இவள் சட்னி அரைக்கும்போது ரிசீவரை ரப்பர் பேண்ட் போட்டு மிக்ஸியின் வயிற்றில் கட்டினேன். செர்வோக்கள் ஒயரோடு தொங்க, நான் கூடத்தில் நின்றுகொண்டு ரிமோட் குச்சியை ஆட்டினேன். எங்கள் வீட்டு மிக்ஸி ஆடுகிற ஆட்டத்தில் அம்மிக்கல்லே விட்டுப்போகும். செர்வோக்கள் ஒரு துடிப்புகூடத் தவறவில்லை. “மூணு” என்றேன், வேகத்தைக் கூட்டினாள். “இன்னும் ஓட்டு” என்றேன், வெறும் ஜாரை ஓட்டினாள். கடைசியில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காய்ச் சட்னி விழுதாகிப் போனது.

பிறகு ஹேர் ட்ரையரில் சூடு காட்டினேன். ஃப்ரீசரில் பாலிதீன் பைக்குள் வைத்து எடுத்தேன். பேனா முனையால் தட்டினேன். எதற்கும் அசையவில்லை.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 24

பெங்களூரிலிருந்து மகன் பேசினான். அவன் வாங்கிக் கொடுத்த ரிமோட்டில் ஆரம்பித்ததுதான் இதெல்லாம். கதையைக் கேட்டுவிட்டு அவன் வேறொன்று சொன்னான். 1972 டிசம்பரில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் 401 ஃப்ளோரிடாவில் சதுப்பு நிலத்தில் விழுந்தது. அதில் பிழைத்த பாகங்களை அந்தக் கம்பெனியின் வேறு விமானங்களில் மாட்டினார்களாம். அதற்குப் பிறகு அந்த விமானங்களில் செத்துப்போன விமானியின் உருவம் தெரிந்தது என்று கதை கட்டி, புத்தகமே வந்ததாம். “உங்க ரிசீவர்லயும் பேய் இருக்கும்ப்பா” என்று சிரித்தான்.

பேயை விடுங்கள். அந்த விபத்துக்குக் காரணம் தெரியும். முன்சக்கரத்துக்கான ஒரு சின்ன விளக்கு எரியவில்லை. விமானிகள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, உயரத்தைப் பிடித்துவைக்கும் தானியங்கி விடுபட்டதை யாரும் கவனிக்கவில்லை. பல்பில் வந்த வினை. ஆகவே அந்த விமானத்துச் சமையலறை அடுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அது வெறும் அடுப்புதான். எனக்கு அந்த வசதி இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ரேஞ்ச் டெஸ்ட். ரிமோட்டைக் குறைந்த பவரில் போட்டுக் கரைமேல் முப்பது மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன். மோட்டார் ஓடாமல், பிறகு ஓடவிட்டு. பாஸ். இன்னும் பத்து மீட்டர் போனேன். அதிலும் பாஸ்.

கிழவி பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்ப பறக்க விடுவ? பேரன் லீவுக்கு வந்திருக்கான், அவனக் கூட்டியாறேன்” என்றாள். எந்தப் பக்கம் உட்காருவாய் என்று கேட்டேன். இங்கதான், நெழல் வேற எங்க இருக்கு என்றாள்.

மே 1

புது ரிசீவருக்குச் சொல்லிவிட்டேன். எய்லரானுக்கு மெட்டல் கியர் செர்வோவும். வாலுக்குப் பழைய இரண்டு செர்வோ போதும். அவற்றில் என்ன இருக்கிறதென்று திறந்து பார்த்தவன் நான். மோட்டார், புது அச்சோடு. ஈஎஸ்சி பற்றி இன்னும் மனசு ஒரு நிலைக்கு வரவில்லை.

பழைய ரிசீவரைத் தூர எறியவும் மனமில்லை. படகு செய்யலாம். டெஸ்லா 1898-இல் நியூயார்க்கில் ரேடியோவில் ஓட்டிக் காட்டியதே படகைத்தான். தொட்டித் தண்ணீரில் சிக்னல் போனால் அது சும்மா மிதக்கும், யார் தலையிலும் விழாது. ரிசீவர் மேல் ‘பறக்கக் கூடாது’ என்று எழுதி வைக்க வேண்டும். மார்க்கர் வறண்டு கிடக்கிறது.

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. கடையில் உட்கார முடியவில்லை. பாலிடெக்னிக் பையன் ஒருவன் ஹெட்போன் சரிசெய்ய வந்தான். கண்ணாடிப் பெட்டியில் கிடந்த ரிசீவரைப் பார்த்துவிட்டான். அவனிடமும் அதே கம்பெனி ரிமோட். பைண்ட் பண்ணிக்கொண்டால் போதும். “வேஸ்ட்டாத்தானே சார் கிடக்கு, குடுங்க” என்றான்.

நடந்ததைச் சொன்னேன். மிக்ஸி வரை சொன்னேன்.

“எல்லா டெஸ்ட்டும் பாஸ்தானே சார்?”

“பாஸ்.”

“அப்ப இன்னும் என்ன டெஸ்ட் பண்ணினா நீங்க நம்புவீங்க?”

கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குப் பதில் இல்லை. சனிக்கிழமை வா, படகுக்கென்றால் தருகிறேன் என்றேன். தலையாட்டினான். ஹெட்போனில் ஒயர் விட்டிருந்தது. காசு வாங்கவில்லை.

மே 10, சனி

மானாமதுரையில் ஒரு கல்யாணம். திரும்பும்போது மணி ஏழு. பையன் மத்தியானம் வந்தானாம். இவள்தான் கடையில் இருந்திருக்கிறாள். “நீங்க தர்றதாச் சொன்னீங்கன்னான், எடுத்துக் குடுத்துட்டேன். பழைய பெட்டியில வேண்டாம்னு போட்டதுதானே?” என்றாள். எதில் வைக்கப் போகிறேன் என்று அவன் சொன்னானா? சொல்லவில்லையாம், இவளும் கேட்கவில்லையாம். கூட இரண்டு பையன்கள், ஒருவன் கையில் நீளமாக எதையோ துணி சுற்றி வைத்திருந்தானாம்.

ரசீது நோட்டில் அவன் நம்பர் இருக்கிறது. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

நாளை ஞாயிறு. வெயில் ஏறுவதற்குள் பையன்கள் கண்மாய்க்கு வந்துவிடுவார்கள். ஆறு மணிக்கே போய்விட வேண்டும்.