புளியும் சாம்பலும்

யாழ்ப்பாணத்துக் குசினிகளிலே பித்தளைக் குடத்தைப் பழப்புளியால் மினுக்குவதும், எண்ணெய் பற்றிய சட்டியைச் சாம்பலும் பொச்சுங் கொண்டு தேய்ப்பதும் நெடுங்கால வழக்கம். இதனைப் பழமையென இகழ்வோரும் உளர். பழமை என்பதற்காகவே போற்றுவோரும் உளர். இருசாராரும் அதன் காரணத்தை நோக்குவதில்லை.

புளியிலுள்ள தாத்தாரிக் கமிலமும் தேசிக்காயிலுள்ள சித்திரிக் கமிலமும் பித்தளையின்மேற் படிந்த ஒட்சைட்டைக் கரைக்கின்றன. விறகுச் சாம்பலிலுள்ள பொற்றாசியங் காபனேற்று காரத்தன்மையுடையது. ஆதலின் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கிக் கழற்றுகின்றது.

காரணம் அறிந்தவிடத்து எல்லையும் புலனாகும். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒருங்கே கலந்தால் நுரை மிகும்; ஆனால் ஒன்றன் வலிமையை மற்றொன்று அழித்துவிடும். சீமெந்துத் தரையில் தேசிக்காய்ச் சாற்றை ஊற்றினால் அழுக்கோடு தரையும் அரிபடும். எல்லாவற்றினும் கொடியது, கடையில் வாங்கிய வெளிற்றும் திரவத்தோடு வினாகிரி போன்ற அமிலத்தைச் சேர்த்தலாகும். அதிலிருந்து எழுவது நுரையீரலைத் தாக்கும் குளோரீன் வாயு.

காற்றோட்டமற்ற சிறு குசினியில் அதனை முதலிற் சுவாசிப்பவர் யாவர்? பெரும்பாலும் அவ்வேலை முழுவதும் சுமத்தப்பட்ட பெண்களே. ஆகவே எதனைக் கொண்டு துப்புரவு செய்வது என்பது சிக்கனம் பற்றிய வினா மட்டுமன்று. துப்புரவு செய்பவரின் உயிர்ப்புப் பற்றிய வினாவுமாகும்.

பாடசாலை ஆய்வுகூடத்திலே அமிலத்தையும் காரத்தையும் பரிசோதனைக் குழாயிற் கலந்து கற்கும் பிள்ளைகள் பலர். எதனோடு எது சேரலாகாது என்னும் அவ்வறிவு குசினி வாசலைத் தாண்டி உள்ளே செல்லுமாயின், அக்கல்வி பயனுடையதாகும். ஆண்பிள்ளைகளும் அவ்வாசலைத் தாண்டுவராயின் பயன் இரட்டிக்கும்.