சிலாபத்து வாடியில் ஒரு பகல்

ஹட்டனுக்கு மேலே நாங்கள் வளர்ந்த தோட்டத்து லயத்தில் சம்பள வாரம் என்றால் கருவாட்டு வாரம். பச்சை மீன் மலையேறி வருவதற்குள் கண் சிவந்துவிடும், விலையும் எட்டாது. சந்தையிலிருந்து அம்மா தாளில் சுற்றி வாங்கி வரும் நெத்தலியும் கட்டாத் துண்டும்தான் எங்களுக்குத் தெரிந்த கடல். எங்கே பிடித்தது என்று கேட்டால் கடைக்காரர் “சிலாபம்” என்பார். அந்தச் சிலாபத்தை நாற்பது வயது தாண்டி, மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள்தான் நேரில் பார்த்தேன்.

களப்போரத்துச் சந்தை விடியுமுன்பே நிறைந்திருந்தது. காலையும் கொடுக்கையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிய நண்டுகள் ஈரச் சாக்குக்குள் நுரை விட்டுக்கொண்டு கிடந்தன. ஏலம் சிங்களத்தில் நடந்தது. பக்கத்தில் பேரம் தமிழில் ஓடியது. முத்துக் குளிப்பைத் தமிழில் சலாபம் என்போம், ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்தது என்று பலரும் சொல்வார்கள். இப்போது இங்கே முத்து இல்லை. மீனும் இறாலும் நண்டும்தான்.

ஏழரை மணிக்குள் நல்ல பாரையும் அறுக்குளாவும் லொறி ஏறிவிட்டன. அதன்பிறகுதான் கருவாட்டுக்காரப் பெண்கள் கூடைகளுக்குப் பக்கத்தில் வந்தார்கள். அவர்களில் அறுபதை நெருங்கும் ஒரு அக்கா, ஒவ்வொரு மீனின் செவுளையும் விரலால் தூக்கிப் பார்த்தார். ஒரு கூடையை அப்படியே தள்ளிவிட்டார். “விக்காம கெட்டதெல்லாம் கருவாட்டுக்குப் போகும்னு நினைக்கிறாங்க தம்பி. கெட்டதுக்கு உப்பு போட்டா உப்புக்குத்தான் நட்டம்” என்றார். மலையிலிருந்து வருகிறேன், கருவாடு தின்று வளர்ந்தவன் என்று சொன்னதும் வாடிக்கு வரச் சொல்லிவிட்டார்.

தென்னந்தோட்டத்துக்கும் கடலுக்கும் நடுவே கிடுகு வேய்ந்த கொட்டில், சீமெந்துத் தொட்டி இரண்டு, கம்பு நட்டுக் கட்டிய பரண்கள். வாடி அவ்வளவுதான். ஐந்து பெண்கள் பலகையில் குந்தியிருந்தார்கள். அக்கா பாரையை எடுத்து முதுகுப்பக்கம் கத்தியை இறக்கினார். தலை முதல் வால் வரை ஒரே இழுப்பு. வயிறு வெட்டுப்படாமல் மீன் புத்தகம் போல விரிந்தது. குடலையும் செவுளையும் எடுத்தபின், முள்ளந்தண்டோடு ஒட்டியிருக்கும் கறுத்த இரத்தத்தைப் பெருவிரல் நகத்தால் வழித்தார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அந்த இரத்தம் நின்றால் காய்ந்தாலும் உள்ளே நாறும். தடித்த சதையில் இரண்டு கீறல் போட்டு, கீறலுக்குள்ளும் கல்லுப்பைத் திணித்துத் தொட்டியில் அடுக்கினார். மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு என்பது கணக்கு. அவர் தராசைத் தொடவே இல்லை. உள்ளங்கையில் அள்ளிய உப்பின் கனத்தை வைத்தே மீனுக்கு மீன் அளவை மாற்றினார்.

உப்பு புத்தளத்திலிருந்து வருகிறது. எந்த உப்பும் ஆகாது. “புது உப்பு கைக்கும். பகல்ல எவ்வளவு காய வச்சாலும் ராவில ஈரம் குடிக்கும். கும்பியாக் கிடந்து மழை கண்ட உப்புதான் நமக்கு.” பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. உப்பளத்தில் விளையும் உப்போடு மக்னீசியமும் சேர்ந்து வரும். கைப்பும் ஈரம் இழுக்கும் குணமும் அதனால்தான். குவித்துப் போட்டால் அது மெல்லக் கரைந்து வடிந்துவிடும். மக்னீசியத்தின் பெயர் இந்த அக்காவுக்குத் தேவைப்படவில்லை, நாக்கில் ஒரு கல்லை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். 2025இல் மழையால் உப்பளங்கள் கெட்டு, இந்தியாவிலிருந்து உப்பு இறக்கவேண்டி வந்த நாட்களில் அவர்கள் தொட்டிகள் வெறுமையாகக் கிடந்தனவாம்.

மறுநாள் தொட்டியில் மீன் தன் தண்ணீரிலேயே மூழ்கியிருக்கும். அதன்பிறகு கழுவி, கிடுகின்மேல் விரித்து, மூன்று நான்கு நாள் வெயில். பரணில் ஏற்கெனவே கிடந்த மீன் காய்ந்ததா என்று பார்க்க அக்கா தடித்த இடத்தில் பெருவிரலை அழுத்தினார். பள்ளம் விழுந்து நிற்கவில்லை. என்னையும் அழுத்தச் சொன்னார். நான் “காய்ஞ்சிருச்சு” என்ற மீனை அவர் மறுபடி வெயிலில் போட்டார்.

அக்கா இதையெல்லாம் என்னிடம் தமிழில்தான் சொன்னார். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை கரையோரக் கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் தமிழ் புழங்கிய காலம் இருந்தது. போன நூற்றாண்டின் நடுவில் பள்ளிகள் சிங்களத்துக்கு மாறின. அக்கா செபத்தைச் சிங்களத்தில் சொல்கிறார். அவருடைய அம்மாவின் செபம் தமிழில் இருந்ததாம். தொழிலில் மட்டும் தெப்பம் இரண்டு மொழியிலும் தெப்பம்தான். வடக்கே உடப்புக்குப் போனால் கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டு முழுக்கத் தமிழ்.

காசுக் கதையைக் கேட்டேன். மீனுக்கும் உப்புக்கும் முதலாளி முன்பணம் தருகிறார், விலையையும் அவரே சொல்கிறார். சரக்கு கொழும்பு புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து எங்கள் மலைக்கு ஏறுகிறது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது பல படகுகள் கரையிலேயே கிடந்தன. மீன் விலை ஏறியது, இவர்கள் கூலி ஏறவில்லை. இதை நியாயம் என்று என்னால் எழுத முடியாது. உப்பில் வெடித்த அந்த விரல்களைப் பார்த்தவர் யாராலும் முடியாது.

உப்பிட்ட மீனுக்கு எல்லா ஊரிலும் இந்த நிலை இல்லை. ஸ்பெயினில் பாஸ்க் நாட்டுப் பில்பாவோ நகரில், ஆற்றங்கரையில் லா ரிபெரா என்றொரு சந்தை இருக்கிறது. அதன் கட்டடம் 1929இல் எழுந்தது. அந்த ஊரின் பெருமைக்குரிய உணவு உப்பிட்ட கொட் மீன். அந்த மீன் அவர்கள் கரையில் கிடைப்பதுகூட இல்லை, 16ஆம் நூற்றாண்டிலேயே நியூபவுண்ட்லாந்து வரை கப்பலோட்டிப் பிடித்து உப்பிட்டுக் கொண்டுவந்தார்கள். அங்கே அதை விருந்தினருக்குப் பரிமாறுகிறார்கள். இங்கே கருவாட்டுப் பையோடு ஏறினால் பஸ்ஸில் பின்வாசலுக்குப் போகச் சொல்கிறார்கள். என் அம்மாவுக்கு அது நடந்திருக்கிறது, நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “என் மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்களும் கதவுக்கிட்டயே நின்னாங்க” என்றார்.

இரண்டு மணிக்குக் கிழக்கே கறுத்தது. சித்திரைக்கு முந்திய இடிமழை. நான் குறிப்பேட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளுவதற்குள் ஐந்து பேரும் தறப்பாளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் பெரிய பாரை இருந்த பரணைப் பிடித்தேன்.

“அது கிடக்கட்டும் தம்பி! நெத்தலி! நெத்தலிய மூடுங்க முதல்ல!”