சர்க்கரையின் ஓரகத்தி

சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்றே எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், அந்த வியாதியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. ஒப்பிட்டும் கச்சாயமும் கிட்டே வரக்கூடாது. அதற்கு ஈடாக ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றும் தாராளமாக உண்டு! பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கோவை ஆர்.எஸ். புரத்துக்கு வாழ வந்தவர். சொன்ன சொல் தவறாதவர். ஆறு வருஷமாக இனிப்பைத் தொட்டதில்லை.

அதனால்தான், டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "170-க்கு 100 இருக்கிறதே!" என்றபோது அத்தைக்கு ரோஷமே வந்துவிட்டது.

"ஏனுங்க, எனக்குச் சக்கரைதானுங்களே? ரத்தக் கொதிப்பு எங்கிருந்துங்க வந்துச்சு? எங்க வீட்டுல ஆருக்குமே அது இல்லீங்க!"

"இரண்டும் ஓரகத்திகள் அம்மா. ஒருத்தி வந்த வீட்டுக்கு இன்னொருத்தியும் பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடுவாள்" என்று சிரித்தார் டாக்டரம்மா.

வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தை பேசவே இல்லை. எனக்கோ இந்த ஓரகத்தி உறவைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

நடுவயதில் வருகிற சர்க்கரை வியாதியில் உடம்பு இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. ஆகவே கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த உபரி இன்சுலின் சிறுநீரகத்திடம் போய், 'உப்பை வெளியே விடாதே' என்கிறது. உப்பு தங்கினால் நீரும் தங்கும்; ரத்தத்தின் அழுத்தம் ஏறும். போதாததற்கு, நாட்பட்ட சர்க்கரை ரத்தக் குழாய்களையும் விறைப்பாக்கிவிடுகிறது. அத்தையின் ஊறுகாய் எங்கே போய் வேலை செய்தது என்று புரிகிறதல்லவா? நாள் ஒன்றுக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பு, ரசம், பொரியல் எல்லாம் அதற்குள் அடக்கம்!

சர்க்கரையை மட்டும் கட்டிப் போட்டால் போதாது என்பதற்கு நல்ல சாட்சி உண்டு. சர்க்கரையும் கொதிப்பும் சேர்ந்திருந்த 1,148 பேரை பிரிட்டனில் பல வருஷங்கள் கவனித்து, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். கொதிப்பைக் கண்டிப்பாகக் குறைத்தவர்களிடம் பக்கவாதம் 44 சதவீதம் குறைவாக இருந்ததாம்.

பெண்களுக்கு இதில் கூடுதல் கவலை. மாதவிலக்கு நிற்கும் வரை நம் இதயத்துக்கு இயற்கை கொஞ்சம் காவல் தருகிறது. சர்க்கரை வந்தால் அந்தக் காவல் பெருமளவு போய்விடுகிறது. கொதிப்போ வாய் திறந்து ஒன்றும் சொல்லாது. தலை கிறுகிறுத்தாலும் நாம்தான் 'பித்தம்' என்று சுக்குக் காப்பி குடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோமே!

இன்னொன்று. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்யவேண்டும் என்று 2007-லேயே தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. கர்ப்பத்தில் சர்க்கரை கண்டவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் அது மறைந்தாலும், பிற்காலத்தில் சர்க்கரையும் கொதிப்பும் திரும்பி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பிரசவமான சில வாரங்களில் ஒருமுறையும், பிறகு ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

என் தங்கைக்கு அப்படி வந்திருந்தது. "குழந்தை பிறந்ததும் போயிடுச்சு அக்கா" என்பாள். அந்தக் குழந்தைக்கு இப்போது பன்னிரண்டு வயது. பழைய பரிசோதனைச் சீட்டு எங்கே என்று போன வாரம் கேட்டேன். பரணில் ஏறித் தேடிக்கொண்டிருக்கிறாள்.